சீதாலெட்சுமி அளந்த மழை

கிள்ளானில் தாமான் மெலூர் என்று ஒரு சின்னக் குடியிருப்பு. ஒரு பக்கம் சுங்கை செராய் என்கிற ஓடை, மறுபக்கம் பாசார் என்கிற சந்தை, நடுவில் எங்கள் தமிழ்ப் பள்ளி. அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினேன். நான் போய்ச் சேர்ந்தபோதே சீதாலெட்சுமி அங்கே இருந்தார். காலையில் வகுப்பறைகளைத் திறப்பது, கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மத்தியானம் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. அதோடு மழையையும் அளந்தார்.

காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்புவரை படித்து, 1975இல் கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தவர். கணவர் பழனியப்பன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியர் சபாபதி சார் அவரைத் திடலோரத்துக்கு அழைத்துப்போய், கம்பி வேலிக்குள் நட்டிருந்த ஒரு செம்புக் குழாயைக் காட்டினாராம்.

"இதுல விழுற மழையத் தினமும் காலையில எட்டு மணிக்கு அளந்து எழுதணும். கோலாலம்பூர் ஆபீசுக்கு மாசம் ஒரு அட்டை போகும். செய்வியா?"

"மழையப் போய் அளப்பாங்களா சார்? எதுக்கு?"

"எதுக்குன்னு எனக்கும் தெரியாது. கேக்குறாங்க, கொடுக்கிறோம்."

வேலை கடினமில்லை. குழாய்க்குள் இருக்கும் போத்தலை எடுத்து, தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து அட்டையில் எழுத வேண்டும். பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூசம் எதுவானாலும் எட்டு மணிக்குப் போத்தலைத் திறந்தாக வேண்டும். அட்டை மலாய்மொழியில் அச்சடித்தது. தேதிக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம். கடைசியில் அகலமாக இன்னொரு கட்டம், அதன் தலையில் 'சத்தாத்தான்' என்று போட்டிருந்தது. குறிப்பு என்று அர்த்தம். அதை யாரும் நிரப்புவதில்லை.

சீதாலெட்சுமி நிரப்பினார். காரணம் வெறும் பயம்தான். 1976இல் ஒருநாள் பாசார்ப் பக்கம் ஊற்றித் தள்ளியது. பள்ளித் திடலில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் சுழி என்று எழுதக் கை வரவில்லை. தான் வேலை செய்யாமல் சும்மா சுழி போட்டதாகக் கோலாலம்பூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்களே. அதனால் அந்த அகலக் கட்டத்தில் தமிழில் எழுதினார்: 'இங்கே மழை இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல மழை. நான் பொய் சொல்லவில்லை.'

இரண்டு மாதம் கழித்துப் புது அட்டைக் கட்டு வந்தது. அதோடு ஒரு துண்டுக் காகிதம், அழகான தமிழ்க் கையெழுத்தில்: 'உங்கள் குறிப்பை வாசித்தேன். நம்புகிறேன். தொடர்ந்து எழுதுங்கள். - கு.'

அந்த ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது. அதன்பிறகு அவர் எழுதாத மாதமில்லை. 'போத்தலுக்குள் தவளை. தவளையை எடுத்துவிட்டு அளந்தேன்.' 'மணி நாலுக்கு ஆரம்பிச்சு நாலே முக்காலுக்கு நின்னுடுச்சு.' வெள்ளம் வந்த நாட்களில் கட்டம் போதாமல் அட்டையின் பின்பக்கமும் எழுதினார். தண்ணீர் கோயில் மூன்றாவது படியில் நின்றது, இராமலிங்கம் முடிவெட்டும் கடை நாற்காலியின் கால் முழுகியது, பின்வரிசை வீட்டு ஆட்டுக்கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மணியோடு சேர்த்து எழுதுவார்.

'கு' யார் என்று வீட்டில் பெரிய விவாதம். குமாரசாமி என்றார் பழனியப்பன். குப்புசாமியாகவும் இருக்கலாம். தடித்த கண்ணாடி, வழுக்கைத் தலை, மேசையில் கோப்பி என்று ஒரு ஆளை இருவருமாகச் சேர்ந்து உண்டாக்கி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் பழனியப்பன், "போ, உன் குமாரசாமிக்கு லெட்டர் எழுது" என்பார்.

1979 அக்டோபரில் சீதாலெட்சுமி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மட்டும் பழனியப்பன் போய் அளந்தார். அந்த மாத அட்டையில் அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது: '26 மி.மீ. பொம்பளைப் பிள்ளை.' அந்த மகளுக்கு ரமணி என்று பேர் வைத்தார்கள்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

1997 பிப்ரவரியில் ஒருநாள் இடைவேளை நேரத்தில், சேலை உடுத்திய உயரமான ஓர் அம்மாள் பள்ளிக் கேட்டில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் கனத்த தோல்பை. கொமுட்டர் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நான்தான் முதலில் பார்த்தேன். சீதாலெட்சுமியைக் காண வேண்டும் என்றார். சீதாலெட்சுமி விளக்குமாறோடு வந்தார்.

"நீங்கள்தானே சீதாலெட்சுமி?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான்தான் அந்தக் கு."

சீதாலெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. "உங்களுக்கு வழுக்கைத் தலைன்னுல்ல நெனச்சிருந்தோம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். வந்தவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கியதும் அவரும் குடையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்.

அவர் பெயர் குணேஸ்வரி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க். இவர் கோலாலம்பூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவராகச் சேர்ந்தார். ஆறுகளும் வடிகால்களும் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. மழை அட்டைகளைப் பிரித்து அடுக்குவதும் தொடக்கத்திலிருந்தே அவர் வேலையாக இருந்தது. அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எல்லா அட்டையையும் கம்ப்யூட்டரில ஏத்திப்போட்டினம்," என்றார். "ஆனா நம்பரை மட்டும்தான். உங்கட குறிப்பை ஏத்துறதுக்கு அதில இடமில்லை. நான் அட்டைகளை எறியேல்லை. வீட்டில பெட்டியில வச்சிருக்கிறன்."

அவர் பேச்சைக் கேட்பதே சீதாலெட்சுமிக்கு ஒரு சந்தோஷம். புரியாத இடத்தில் என் முகத்தைப் பார்ப்பார்.

குணேஸ்வரி வந்த காரியம் இதுதான். அலுவலகத்துக்குப் புதிதாக இரண்டு பெரிய கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. அதற்குள் தாமான் மெலூரை அப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு, வீடு, ஓடை, பாலம் எல்லாம். ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்குப் பெய்த மழை அந்த ஊருக்குள் பெய்யும், ஓடையில் தண்ணீர் ஏறும், நாம் தெருவில் நடந்து பார்க்கலாம். மெய்நிகர் உலகம் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அப்போது எங்களுக்கு அதற்குப் பேரே தெரியாது. குணேஸ்வரி அந்த வேலையை நாற்பத்தொன்பது வயதில் தானாகக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தார்.

"மழை எவ்வளவு எண்டு தெரியும். ஆனா தெருவில தண்ணி எவ்வளவு நிண்டது எண்டு ஒருத்தரும் அளக்கேல்லை. அது உங்கட குறிப்பிலதான் இருக்கு. கோயில் மூண்டாவது படி எவ்வளவு உயரம் எண்டு எனக்குக் காட்டுவீங்களா?"

"இப்பவே போவோம்," என்றார் சீதாலெட்சுமி.

அந்த வாரம் முழுக்க இருவரும் ஊரை அளந்தார்கள். அலுவலகத்திலிருந்து அளவுகோலும் கருவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். சீதாலெட்சுமி முன்னால் நடப்பார். "இந்தப் படி. இல்ல, இதுக்கு அடுத்தது. அப்ப இங்க ஓரமா ஒரு விரிசல் இருந்துச்சு, இதோ பாருங்க." இராமலிங்கத்தின் கடையில் ஒருவர் பாதிச் சவரத்தோடு எழுந்து நிற்க, நாற்காலிக் காலை அளந்தார்கள். இராமலிங்கம், "இந்த நாற்காலி தொண்ணூத்து மூணுல வாங்கினதுலா. பழசு கொஞ்சம் குட்டை" என்றார். பழைய நாற்காலி பின்கட்டில் கிடந்தது. அதையும் கொண்டுவந்து அளந்தார்கள்.

அந்த இராமலிங்கத்துக்கு ஒரு கவலை இருந்தது. வெள்ளத்தைத் தடுக்க ஓடையோரம் பெரிய கரை கட்டப் போகிறார்கள் என்றும், அதற்காக ஓடையோரத்துப் பதினொரு வீடுகளும் அவர் கடையும் இடிபடும் என்றும் பேச்சு. வேறு இடம் கொடுப்பார்கள்தான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. குணேஸ்வரியிடம் அவர் அதைக் கேட்டபோது, "திட்டம் இருக்கு. இன்னும் முடிவாகேல்லை. இந்தக் கம்ப்யூட்டர் வேலையே அதைச் சரி பாக்கத்தான்" என்று மறைக்காமல் சொன்னார்.

மே மாதம் குணேஸ்வரி அழைத்தார். ஊர் தயார், முதலில் சீதாலெட்சுமிதான் பார்க்க வேண்டும் என்று. சீதாலெட்சுமி தனியாகப் போகமாட்டேன் என்றதால் நானும் கூடப் போனேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். கோலாலம்பூர் அலுவலகத்தில் பனிக்கட்டி போலக் குளிரும் அறை. என்ஜினியர் என்சிக் ரோஸ்லான் எழுந்து நின்று வரவேற்று நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றைத் தூக்கி வந்தார். கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு சின்னத் திரைகள். அதை மாட்டிக்கொண்டால் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் ஊர் தெரியும். நாங்கள் மேசைமேல் இருந்த பெரிய திரையில் அதையே பார்க்கலாம்.

"கொண்டை இடிக்குது டீச்சர்," என்றார் சீதாலெட்சுமி. கொண்டையை அவிழ்த்துப் பின்னிவிட்டேன்.

"எந்த நாள் வேணும் புவான்?" என்று ரோஸ்லான் மலாயில், அம்மா என்று மரியாதையாக அழைத்துக் கேட்டார்.

சீதாலெட்சுமி யோசிக்கவில்லை. "எழுபத்தொம்பது, அக்டோபர் பதினாலு."

குணேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அட்டை அவருக்கும் நினைவிருந்தது.

திரையில் எங்கள் பள்ளித் திடல் வந்தது. வீடுகள் பெட்டி பெட்டியாக, மரங்கள் குடைக்காளான் போல. ஆனால் எங்கள் ஊர்தான். சாம்பல் கோடுகளாக மழை விழத் தொடங்கியது. சீதாலெட்சுமி தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கி நான் ஆஸ்பத்திரியில ஜன்னல் இல்லாத பக்கம் படுத்திருந்தேன்," என்றார். "ரமணி பொறந்த அன்னிக்கி எங்க தெருவுல மழை எப்படிப் பேஞ்சிச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்பதான் பாக்குறேன்."

நான் அதை ரோஸ்லானுக்கு மலாயில் சொன்னேன்.

அதற்குள் சீதாலெட்சுமியின் குரல் மாறிவிட்டது. "ஆனா இப்படி நாள் பூரா தூறாது மிஸ். அக்டோபர் மழைன்னா சாயங்காலம் ஒரே ஊத்தா ஊத்திட்டு நின்னுடும்."

"மணி எழுதாத நாளெண்டால் கம்ப்யூட்டர் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கும் சமமாப் பிரிச்சுப் போடும்," என்றார் குணேஸ்வரி.

"அன்னிக்கி அளந்தது எங்க வீட்டுக்காரரு. அவரு மணி எழுத மாட்டாரு."

அடுத்து 1995 நவம்பர் வெள்ளத்தைப் போட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு விழுந்தது. சுங்கை செராய் பழுப்பாக ஏறி, கரையைத் தாண்டி முன்தெருவுக்குள் புரண்டு வந்தது. சீதாலெட்சுமி தன்னை அறியாமல் குனிந்து பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சேலையை விடவில்லை.

சிரிப்பு அடங்கியதும், "இது தப்பு," என்றார்.

"எது தப்பு?"

"தண்ணி ஆத்துலேருந்து மொதல்ல வராது. பின்னாடி பாசார் லோங்காங்லேருந்துதான் மொதல்ல வரும். ஆத்தோரம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இதுல பாசார் காய்ஞ்சு கெடக்கு."

ரோஸ்லான் வடிகாலின் வரைபடத்தை விரித்தார். பாசார் லோங்காங், அதாவது சந்தையோரத்து வடிகால், ரோட்டுக்கு அடியில் போய் ஓடையில் சேர்கிறது, சரிவு ஓடையை நோக்கி. படத்தில் அப்படித்தான் இருந்தது. மழைநீர் அந்த வழியாக வடிந்துவிட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிய சீதாலெட்சுமி படத்தைப் பார்த்தார். "எனக்குப் படம் தெரியாது துவான். நான் கண்ணால பாத்தத சொல்றேன்," என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னார்.

குணேஸ்வரி எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் அட்டைகள். வெள்ள மாதங்களின் அட்டைகளை மட்டும் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். 1978: 'பாசார் லோங்காங் பின்னாடி ஓடுது.' 1984: 'மணி நாலு பாசார்ல தண்ணி. மணி அஞ்சே கால் ஆத்தோரம்.' 1991இலும் 1995இலும் அதேதான். நான்கு வெள்ளம், பதினேழு வருஷ இடைவெளி, ஒரே சொல்.

ரோஸ்லான் நான்கு அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கே ஆள் அனுப்புகிறேன்," என்றார்.

ஆட்கள் வந்தார்கள். ரோட்டுக்கு அடியில் போன சிமெண்டுக் குழாயின் இரண்டு முனையையும் தோண்டி மட்டம் பார்த்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தியபோது யாரோ குழாயை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஓடைப் பக்க முனை ஒரு சாணுக்கு மேல் உயர்ந்திருந்தது. பாசார்த் தண்ணீர் மேடேற முடியாமல் திரும்பி ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் மட்டும் அது இத்தனை காலமும் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பள்ளி மண்டபத்திலேயே காட்டினார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். முந்நூறு பேராவது இருப்பார்கள். ஓடையோரத்துப் பதினொரு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில்.

திரையில் ஊர் வந்ததும் கூச்சல் தொடங்கியது. "என் வீடு ஏன் ஊதாக் கலர்ல இருக்கு?" என்றார் ஒருவர். "நான் மேல ஒரு ரூம் எடுத்திருக்கேனே, அது எங்க?" என்றார் இன்னொருவர். தன் மாமரத்தைக் காணோம் என்று ஒரு அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. குணேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து ஒரு மாமரத்தை வைத்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்களால் பேச முடிந்தது. தன் கடைப் பலகை அப்படியே இருப்பதைப் பார்த்த இராமலிங்கம் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

குழாயின் உண்மையான மட்டத்தைச் சேர்த்து 1995 வெள்ளத்தை ஓட்டினார்கள். மழை பெய்தது. சுவரின் மூலையில் மணி ஓடியது. நாலு அடித்துச் சில நிமிஷம் ஆனதும் பாசார்ப் பக்கம் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது அகன்றது. பின்சந்தில் நுழைந்தது. எல்லோருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தண்ணீர் இராமலிங்கத்தின் கடைக்குள் போய், நாற்காலிக் கால் முழுகி நின்றது. கோயில் மூன்றாவது படியிலும் நின்றது.

"இப்ப சரியா, புவான் சீதா?" என்று ரோஸ்லான் எல்லோர் முன்னிலும் கேட்டார்.

சீதாலெட்சுமி பின்வரிசையிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "பெத்துல் துவான், சரிதான்," என்றார். பிறகு ஒரு நொடி தயங்கி, "பத்து நிமிஷம் சீக்கிரமா வந்துடுச்சு. பரவால்ல," என்று சேர்த்தார். மண்டபமே சிரித்தது.

அதற்குப் பிறகு ரோஸ்லான் செய்தது எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. தன் அலுவலகமே போட்ட திட்டத்தை அந்த ஊருக்குள் கட்டிக் காட்டினார். பதினொரு வீடும் கடையும் மறைந்தன. ஓடையோரம் உயரமான கரை எழும்பியது. அதே மழையை மறுபடி விட்டார். ஓடைத் தண்ணீர் கரைக்கு வெளியே நின்றது. பாசாரிலிருந்து வந்த தண்ணீரோ வெளியே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே ஏறியது. மூன்றாவது படி, நான்காவது, ஐந்தாவது. பெரிய தொட்டி மாதிரி ஆகிவிட்டது ஊர்.

பிறகு கரையை எடுத்துவிட்டு, வீடுகளைத் திரும்ப வைத்து, குழாயை மட்டும் சரியான மட்டத்தில் பெரிதாகப் போட்டு ஓட்டினார். தண்ணீர் முதல் படியைக்கூடத் தொடவில்லை.

யாரும் கை தட்டவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், "இன்னொரு தரம் போடுங்க," என்றார். இன்னொரு தரம் போட்டார்கள். அப்போதுதான் கைதட்டல் கேட்டது. பழனியப்பன் லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து குணேஸ்வரியைக் கும்பிட்டு, "உங்கள நான் குமாரசாமின்னு இருபது வருஷமா கூப்பிட்டிருக்கேன், மன்னிச்சிடுங்க," என்றார். "அதுவும் நல்ல பேர்தானே," என்றார் குணேஸ்வரி.

திட்டம் மாற ஒரு வருஷம் பிடித்தது. கடிதம், கூட்டம், கையெழுத்து. நாட்டில் அது பணமுடை வந்த காலம். பெரிய கரைக்குப் பதில் ஒரு குழாய்தான் என்பதால் மேலே இருந்தவர்களும் கடைசியில் தலையாட்டினார்கள். 1998 நடுவில் ரோட்டைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். பதினொரு வீடும் நின்றன. இராமலிங்கம் கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்.

அந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, வானம் கரியாக வந்து கொட்டத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் நிற்கவே இல்லை. வழக்கமாக அந்த மழைக்கு மக்கள் அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குக் குடையோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். தேர் பார்க்க நிற்பதுபோல லோங்காங்கின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார்கள். அது முட்டிமோதிக்கொண்டு ஓடைப் பக்கமே போனது. இராமலிங்கம் ஒரு காகிதத் துண்டைப் போட்டுப் பார்த்தார். அது ரோட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. பாசார்க்காரர் ஒருவர் எல்லோருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்துக் கொடுத்தார்.

பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. குணேஸ்வரி. கோலாலம்பூரிலும் மழையாம், சன்னலோரம் நின்றுகொண்டு பேசுகிறாராம். சீதாலெட்சுமி நனைந்த தலையோடு ஓடிவந்து எடுத்தார்.

"சொல்லுங்கோ, தண்ணி இப்ப எங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கல மிஸ்," என்றார் சீதாலெட்சுமி. "ஓடுது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அளந்தபோது நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். போத்தல் வழிந்து வெளிக்குழாயிலும் நின்றிருந்தது. இரண்டையும் சேர்த்து அளந்து எழுதினார்.

அடுத்த வருஷம் அலுவலகம் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தாமானையும் செராஸில் ஒன்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்ட எடுத்தது. குணேஸ்வரி பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார், விடுமுறை நாட்களில் சீதாலெட்சுமியைத் தன்னோடு அனுப்ப முடியுமா என்று. கருவிகளோடு போனால் மக்கள் அதிகாரி வந்துவிட்டார் என்று உள்ளே போய்விடுகிறார்களாம், பேச ஒரு ஆள் வேண்டுமாம். அனுப்பினோம். ஒருமுறை நானும் போனேன்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனக் கோப்பிக்கடை. குணேஸ்வரி வெளியே கருவியை நிறுத்திக்கொண்டிருந்தார். சீதாலெட்சுமி உள்ளே போய் ஒரு கோப்பி சொல்லி, கடைக்கார அம்மாவிடம் தன் ஊர் வெள்ளத்தைப் பற்றி முதலில் சொன்னார். ஃப்ரிட்ஜ் மிதந்த கதை, கோழிகளைக் கூரையில் ஏற்றின கதை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகுதான் கேட்டார், மலாயில், மெதுவாக: "உங்க கடையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆன்டி?"

கடைக்கார அம்மா எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு பக்கமாக விலக்கினார். அதன் பின்னால் சுண்ணாம்பில் பென்சில் கோடுகள், மேலும் கீழுமாக ஐந்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சீன எழுத்தில் ஏதோ இருந்தது.

"மிஸ்," என்று சீதாலெட்சுமி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அளவுகோல எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. இங்கயும் ஒருத்தங்க எழுதி வச்சிருக்காங்க."